அதிபர் நாற்காலிக்குப் போகும் வழி: இலங்கையில் பாடசாலை, சிறுவர் சேவைத் தலைமைப் பயிற்சி

இலங்கையில் 10,000க்கும் சற்று மேற்பட்ட அரச பாடசாலைகள் உள்ளன. ஏறத்தாழ 40 இலட்சம் பிள்ளைகள் அவற்றில் படிக்கிறார்கள். ஒவ்வொரு பாடசாலைக்கும் ஓர் அதிபர் தேவை. பெரிய பாடசாலையானால் பிரதி அதிபர், உதவி அதிபர்கள், பகுதித் தலைவர்கள் என ஒரு வரிசையே தேவை. இவர்களை எப்படித் தெரிவு செய்வது, நாற்காலியில் அமரும்முன் எதைக் கற்றுக்கொடுப்பது, அமர்ந்தபின் தடுமாறும் நாட்களில் யார் துணை நிற்பது என்ற மூன்று கேள்விகளும் சேர்ந்ததே பாடசாலைத் தலைமைத்துவ விருத்தி. இதே கேள்விகள் சிறுவர் சேவைக்கும் பொருந்தும். நன்னடத்தை உத்தியோகத்தர், சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தர், சிறுவர் இல்லத்தின் பொறுப்பாளர், முன்பள்ளியை நடத்துபவர் என அங்கும் தலைமை ஏற்போர் பலர். இரு துறைகளும் ஒரே பிள்ளையைத்தான் பார்க்கின்றன. ஆனால் அவற்றுக்கான பயிற்சி இலங்கையில் தொடக்கம் முதலே தனித்தனி வழியில் போய்க்கொண்டிருக்கிறது.

இன்றைய நிலையை விளங்கிக்கொள்ள, அரசு பாடசாலைகளைக் கையேற்பதற்கு முன்னிருந்த காலத்தைப் பார்க்க வேண்டும். அன்று பெரும்பாலான பாடசாலைகளை மிஷன்களும் சமயச் சங்கங்களும் நடத்தின. அரசு உதவிப்பணம் கொடுத்தது. ஆசிரியரையும் தலைமை ஆசிரியரையும் நியமித்தவர் முகாமையாளர். கொட்டாஞ்சேனை புனித பெனடிக்ற் கல்லூரியைப் பொறுப்பேற்ற டி லா சால் சகோதரர்கள் தமக்குள்ளேயே அடுத்த தலைமையை வளர்த்தார்கள். இளம் சகோதரர் வகுப்பறையில் தொடங்கி, விடுதிப் பொறுப்பு, ஒரு பகுதியின் பொறுப்பு என்று மூத்தவர் ஒருவரின் கண்பார்வையில் படிப்படியாக வளர்ந்தார். அதைப் பயிற்சி என்று எவரும் அழைக்கவில்லை. அது தொழிலைப் பக்கத்திலிருந்து பார்த்துப் பழகும் முறை. இராமகிருஷ்ண மிஷனிலும் இதை ஒத்த ஒழுங்கே இருந்தது. மானிப்பாய் இந்துக் கல்லூரியில் தலைமை ஆசிரியராக இருந்த மயில்வாகனனார் 1922ல் துறவு வாழ்வுக்குப் புறப்பட்டு, 1924ல் துறவு பூண்டு, பின்னர் சுவாமி விபுலாநந்தராகத் திரும்பினார். அதன் பின்னர் மட்டக்களப்பு, திருகோணமலை, யாழ்ப்பாணப் பாடசாலைகளின் நிருவாகம் அவர் கைக்கு வந்தது. கல்லடி உப்போடையில் 1929ல் சிவானந்த வித்தியாலயத்தையும் நிறுவினார். ஒரு பாடசாலையை நடத்திய அனுபவம் பல பாடசாலைகளை நிருவகிக்கும் பொறுப்புக்கு வழிவிட்ட கதை இது.

சைவ வித்தியாவிருத்திச் சங்கம் 1923லிருந்து வடக்கில் கிராமப் பாடசாலைகளைத் தொடங்கி நடத்தியது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசைக் கட்டியெழுப்பிய ஹன்டி பேரின்பநாயகம் நெடுங்காலம் ஆசிரியராக இருந்த பின்னரே, 1949ல் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபரானார். 1960 வரை அப்பதவியில் இருந்தார். ஓர் அதிபர் ஒரே இடத்தில் பத்தாண்டுக்கு மேல் நிலைத்து நின்று ஒரு பாடசாலையின் குணத்தை வடித்தெடுப்பது அக்காலத்தில் இயல்பு. அந்த முறைக்குக் குறைகளும் இருந்தன. முகாமையாளரின் விருப்பு வெறுப்பு, சமயச் சார்பு, சாதிப் பாகுபாடு ஆகியவை நியமனங்களில் புகுந்தன. ஒதுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த ஆசிரியருக்கு அதிபர் நாற்காலி எட்டாத உயரத்தில் இருந்தது. பழையதைப் போற்றும்போது இதை மறைத்துவிடக் கூடாது.

1945ல் இலவசக் கல்வி வந்தது. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெறும் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவற்றை அரசின் கீழ் கொண்டுவந்தன. முகாமையாளர் போனார், திணைக்களம் வந்தது. நியமனம் ஓரளவு பொதுவானது, நியாயமானது. ஆனால் மூத்தவர் பக்கத்தில் நின்று இளையவர் பழகும் அந்தப் பழைய ஒழுங்கும் முகாமையாளரோடு போய்விட்டது. அதற்கு ஈடான எதையும் புதிய முறை உடனடியாக உருவாக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் சேவையாற்றியதே அதிபராவதற்குப் போதிய தகுதி என்று கொள்ளப்பட்டது. நல்ல கணித ஆசிரியர் நல்ல அதிபராகவும் இருப்பார் என்ற எண்ணம் இன்றுவரை முற்றாக மறைந்துவிடவில்லை.

அமைப்பு முறையிலான பயிற்சி 1980களில் உருப்பெற்றது. 1981ஆம் ஆண்டின் கல்வி வெள்ளை அறிக்கை, அயலிலுள்ள பாடசாலைகளை ஒரு கொத்தணியாக்கி, அக்கொத்தணிக்கு ஓர் அதிபரைத் தலைவராக்கும் யோசனையை முன்வைத்தது. வளமுள்ள பாடசாலை வளமற்ற பாடசாலைக்குக் கைகொடுக்கும், மூத்த அதிபர் சிறு பாடசாலை அதிபருக்கு வழிகாட்டுவார் என்பது அதன் உட்கருத்து. பின்வந்த கோட்டக் கல்வி அலுவலக முறை கொத்தணியின் நிருவாகப் பக்கத்தை எடுத்துக்கொண்டது. வழிகாட்டும் பக்கத்தை விட்டுவிட்டது. நாட்டின் கல்வி வரலாற்றில் கைநழுவிய நல்ல யோசனைகளுள் இதுவும் ஒன்று. 1985ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின்படி மகரகமவில் தேசிய கல்வி நிறுவகம் அமைந்தது. அதன் கல்வித் தலைமைத்துவ விருத்தி நிலையம் பாதுக்கைக்கு அருகே மீபேயில் இருக்கிறது. அதிபர்களும் கல்வி நிருவாகிகளும் அங்கே தங்கிப் படிக்கிறார்கள். கல்வி முகாமைத்துவத்தில் பட்டப்பின் டிப்ளோமாவைத் தேசிய கல்வி நிறுவகம் வழங்குகிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கல்விப் பீடத்திலும் நாவலையிலுள்ள திறந்த பல்கலைக்கழகத்திலும் பட்டப்பின் கல்விக் கற்கைகள் நடக்கின்றன. வார இறுதியில் கொழும்பு ஆசிரியர்கள் பலர் இந்த வாசல்களில்தான் நிற்கிறார்கள்.

அதிபராவதற்கு இன்று இரண்டு சேவைகள் வழி. ஒன்று இலங்கைக் கல்வி நிருவாக சேவை. வலயக் கல்விப் பணிப்பாளர், மாகாணக் கல்விப் பணிப்பாளர் போன்ற பதவிகளோடு, உயர்தர விஞ்ஞானப் பிரிவும் உள்ள பெரிய 1ஏபி வகைப் பாடசாலைகளின் அதிபர் பதவிகளும் இச்சேவைக்குரியவை. மற்றது இலங்கை அதிபர் சேவை. 2014 ஒக்டோபரில் வர்த்தமானியில் வெளியான சேவைப் பிரமாணக் குறிப்பு இதை மூன்று தரங்களாக ஒழுங்குபடுத்தியது. ஆசிரியர்கள் மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சை எழுதி மூன்றாம் தரத்தில் நுழைகிறார்கள். வினைத்திறன் தடைப் பரீட்சையையும் சேவைக்காலத்தையும் கடந்து மேலேறுகிறார்கள். நியமன அதிகாரம் பொதுச் சேவை ஆணைக்குழுவின் கல்விச் சேவைக் குழுவிடம் உள்ளது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்துக்குப் பின் பாடசாலைகளும் இரண்டாகப் பிரிந்தன. ஏறத்தாழ 400 தேசிய பாடசாலைகள் மத்திய அமைச்சின் கீழும் மற்றவை மாகாண சபைகளின் கீழும் வருகின்றன.

பரீட்சை வழித் தெரிவுக்கு ஒரு பெருமை உண்டு. அரசியல்வாதியின் கடிதத்தை நம்பியிருந்தவரையும் நம்பாதவரையும் அது ஒரே மேசையில் அமர்த்துகிறது. சிபாரிசு செய்ய ஆளில்லாத சிறுபான்மையினருக்கு இது சிறிய பாதுகாப்பல்ல. ஆயினும் மூன்று மணி நேரத் தாளில் அளக்க முடியாதவை சில உண்டு. கோபத்தோடு வந்த தந்தையை அமர வைத்துப் பேசுவது, சோர்ந்துபோன ஆசிரியரை மீண்டும் வகுப்புக்கு அனுப்புவது, பிள்ளையின் முகம் பார்த்து வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று உணர்வது போன்றவை அந்தத் தாளுக்குள் வருவதில்லை. பரீட்சைகள் ஒழுங்கான இடைவெளியில் நடவாததால் வெற்றிடங்கள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. அவற்றை நிரப்பியவர்கள் கடமை நிறைவேற்று அதிபர்கள். அதிபரின் முழுச் சுமையையும் ஆசிரியர் சம்பளத்தோடு சுமந்த இவர்கள், தங்களைச் சேவைக்குள் உள்ளீர்க்குமாறு நெடுங்காலம் போராடினார்கள். அவர்களில் பலர் எந்தப் பயிற்சியும் இல்லாமல், தவறி விழுந்து எழுந்து தொழிலைக் கற்றவர்கள். அந்த அனுபவத்தை ஒரு தகுதியாக அளந்து மதிக்கும் முறையான வழி நாட்டில் உருவாகவில்லை.

பயிற்சியில் எது கற்பிக்கப்படுகிறது என்பதே இந்தத் துறையின் நடுவான கேள்வி. தாபனக் கோவை, நிதிப் பிரமாணங்கள், சுற்றுநிருபங்கள், பொருட்பதிவேடு, ஒழுக்காற்று விசாரணை ஆகியவை அதிகப் பொழுதை எடுத்துக்கொள்கின்றன. இவை வேண்டாதவை என்று கூற முடியாது. வசதிக் கட்டணக் கணக்கில் ஒரு பற்றுச்சீட்டுத் தவறினால் அதிபரின் பெயர் கணக்காய்வு வினவலில் ஏறும், ஓய்வூதியம்கூடத் தாமதமாகும். அந்த அச்சம் உண்மையானது. அதனால் அதிபர் முதலில் கோப்பைப் பாதுகாக்கக் கற்றுக்கொள்கிறார். ஆனால் பாடசாலைத் தலைமை பற்றிய உலக ஆய்வுகள் வேறொரு திசையைக் காட்டுகின்றன. நியூசிலாந்து ஆய்வாளர் விவியன் ரொபின்சனும் அவருடைய இரு சக ஆய்வாளர்களும் 2008ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மாணவரின் கற்றலில் மிகப் பெரிய தாக்கத்தை ஏற்படுத்தும் தலைமைச் செயல், ஆசிரியரின் கற்றலை ஊக்குவித்து அதில் அதிபர் தாமே கலந்துகொள்வது என்று கண்டார்கள். ஆசிரியர் கருத்தரங்கைத் தொடக்கிவைத்துவிட்டு அலுவலகத்துக்குத் திரும்பாமல், கடைசி வாங்கில் அமர்ந்து தாமும் குறிப்பெடுக்கும் அதிபரையே அந்த முடிவு சுட்டுகிறது.

இலங்கையில் இதற்கு மிக நெருங்கி வந்த முயற்சி, 2006ல் தொடங்கிய பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம். அதிபர், ஆசிரியர், பெற்றோர், பழைய மாணவர் சேர்ந்த பாடசாலை அபிவிருத்திக் குழு தன் பாடசாலைக்கான திட்டத்தைத் தானே வகுத்து, கிடைக்கும் நிதியைச் செலவிடும் உரிமை பெற்றது. உலக வங்கியின் உதவியோடு நடந்த கல்வித் திட்டங்களின் வழியாக இது நாடெங்கும் பரவியது. பாடசாலை மட்ட ஆசிரியர் வாண்மை விருத்தியும் இதனோடு சேர்ந்தது. அதிகாரம் கீழே இறங்கிய அளவுக்கு அதைப் பயன்படுத்தும் பயிற்சி இறங்கவில்லை என்பதே இதில் நேர்ந்த குறை. ஐந்தாண்டுத் திட்டம் எழுதுவது எப்படி என்று இரண்டு நாள் செயலமர்வில் படித்த அதிபர், பலவேளை அயல் பாடசாலையின் திட்டத்தைப் பார்த்தே தம்முடையதை எழுதினார். படித்த பெற்றோரும் செல்வாக்குள்ள பழைய மாணவரும் வாய்த்த பாடசாலையில் குழு உயிரோடு இயங்கியது. தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் பெற்றோர் நாட்சம்பளத்தை விட்டுக் கூட்டத்துக்கு வர முடியாததால், எல்லாமே அதிபர் ஒருவரின் கையெழுத்தில் முடிந்தது.

பாடசாலைக்குப் பாடசாலை தெரியும் இந்த வேறுபாட்டைக் கொழும்பு நகரத்துக்குள்ளேயே பார்க்கலாம். ஹெவ்லொக் டவுன், 1890 முதல் 1895 வரை ஆளுநராக இருந்த சேர் ஆதர் ஹெவ்லொக்கின் பெயரைத் தாங்கிய பகுதி. 1952ல் கிறீன்லண்ட்ஸ் கல்லூரி என்று தொடங்கிய இசிப்பத்தனக் கல்லூரி இங்கே தேசிய பாடசாலையாக நிற்கிறது. காலி வீதிப் பக்கம் இறங்கினால் வெள்ளவத்தையில் சைவ மங்கையர் கழகப் பாடசாலை. பம்பலப்பிட்டியில் 1951ல் தோன்றிய கொழும்பு இந்துக் கல்லூரி, இராமநாதன் இந்து மகளிர் கல்லூரி, முஸ்லிம் மகளிர் கல்லூரி. இடையிடையே தெருவுக்கொன்றாகச் சர்வதேசப் பாடசாலைகள். ஒரு மணி நேரத்தில் நடந்து கடக்கக்கூடிய இந்தப் பரப்பில் நாலு விதமான அதிபர்கள் இருக்கிறார்கள்: கல்வி நிருவாக சேவையைச் சேர்ந்தவர், அதிபர் சேவையைச் சேர்ந்தவர், நிருவாக சபை நியமித்தவர், கம்பனிச் சட்டத்தின்கீழ் பதிவான நிறுவனத்தின் ஊழியர். கடைசி வகையினர் கல்வி அமைச்சின் பயிற்சி வளையத்துக்குள் வருவதே இல்லை. வெள்ளவத்தைத் தமிழ்ப் பெற்றோரில் கணிசமானோர் தம் பிள்ளைகளைச் சர்வதேசப் பாடசாலைகளில்தான் சேர்க்கிறார்கள். அப்பாடசாலைகளை நடத்துபவரின் தகுதி பற்றிச் சட்டம் ஒன்றும் பேசாமலிருப்பது பெரிய இடைவெளி.

கொழும்பு அதிபரின் நாட்குறிப்பும் தனி வகையானது. முதலாம் தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் காலத்தில் வதிவிட ஆதாரம், மின்சாரப் பட்டியல், உறுதிப் பத்திரம், மேன்முறையீடு என்று மாதங்கள் கரைகின்றன. பழைய மாணவர் சங்கம் நிதி தரும். அதோடு ஆலோசனையும் அழுத்தமும் தரும். மறுபுறம், கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பக்கத்துப் பாடசாலைகளில் மாடி வீட்டுத் தொகுதிகளிலும் ‘தோட்டம்’ எனப்படும் நெரிசலான நகரக் குடியிருப்புகளிலும் வாழும் பிள்ளைகள், காலை உணவின்றி வரும் பிள்ளைகள், துறைமுகக் கூலிவேலையை நம்பிய குடும்பங்கள். இவ்விரு அதிபர்களும் மீபேயில் ஒரே பாடத்திட்டத்தையே படிக்கிறார்கள். றோயல் கல்லூரியிலும் டி. எஸ். சேனாநாயக்கா கல்லூரியிலும் சிங்களம், தமிழ் என்று இரு மொழிமூலங்களும் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. 1967ல் சேனாநாயக்கா கல்லூரியைத் தொடங்கி வளர்த்த முதல் அதிபர் ஆர். ஐ. ரி. அலஸ், எல்லா இனத்துப் பிள்ளைகளும் கலந்து படிக்கும் பாடசாலையாக அதை அமைத்தவர் என்று நினைக்கப்படுகிறார். இரு மொழிச் சமூகங்களை ஒரே காலைக் கூட்டத்தில் நிறுத்தி நடத்துவது தனித் திறன். அதைக் கற்பிக்கும் பாடம் பயிற்சித் திட்டங்களில் இன்னும் வலுப்பெறவில்லை.

தமிழ்மொழிமூலப் பயிற்சி தனியே பேச வேண்டியது. கற்கைகள் இரு மொழிகளிலும் நடக்கின்றன என்பது உண்மை. ஆனால் கையேடுகள் பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்டு, பின்னர் தமிழுக்கு வருகின்றன. மொழிபெயர்ப்பு நெருடலாக இருக்கும்போது கருத்தே கைக்கு எட்டாமற் போகிறது. தமிழில் வளவாளராகக் கூடியவர்கள் குறைவு. இருப்பவர்களே வவுனியாவுக்கும் ஹற்றனுக்கும் கல்முனைக்கும் ஓடுகிறார்கள். சில சுற்றுநிருபங்கள் தமிழில் கிடைக்கத் தாமதமாவதும் தமிழ் அதிபர்களின் நெடுநாள் முறைப்பாடு. போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் இடம்பெயர்ந்த பாடசாலைகளை மீண்டும் திறந்த அதிபர்கள் சேர்த்த அனுபவம் பெரிது. மரநிழலில் வகுப்பு நடத்தியது, பெற்றோரை இழந்த பிள்ளைகளைப் பதிவேட்டில் மீண்டும் சேர்த்தது, ஆசிரியரே துயரில் இருக்கும்போது பாடசாலையை நடத்தியது ஆகிய இவை உலகின் எந்தத் தலைமைத்துவ நூலுக்கும் செழிப்பான பாடம். அவற்றைச் சேகரித்துத் தமிழில் பயிற்சிப் பாடமாக்குவது அவசரமான பணி. அந்த அதிபர்களில் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள்.

எப்படிக் கூட்டினாலும் பெண் அதிபர்கள் பற்றிய கணக்கு நேராகாது. ஆசிரியர்களில் ஏறத்தாழ நால்வரில் மூவர் பெண்கள். அதிபர்களில் அவர்கள் சிறுபான்மை. தூர இடத்தில் நியமனம், வதிவிடப் பயிற்சிக்கு வீட்டை விட்டுச் செல்ல வேண்டிய நிலை, மாலை நேரக் கூட்டங்கள் ஆகியவை தடையாகின்றன. பயிற்சியின் நேரமும் இடமும் அமையும் விதமே யார் அதிபராகலாம் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

பயிற்சியின் பெயரில் நாடு ஒருமுறை தவறான பாதையிலும் சென்றது. 2013ல் தேசிய பாடசாலை அதிபர்கள் ரந்தம்பேயிலுள்ள மாணவர் படையணிப் பயிற்சி நிலையத்துக்கு அழைக்கப்பட்டு, இராணுவப் பாணியில் தலைமைத்துவப் பயிற்சி பெற்றார்கள். முடிவில் அவர்களுக்குக் கேணல் தரப் பட்டமும் சூட்டப்பட்டது. 2011ல் பல்கலைக்கழகப் புதுமுக மாணவருக்கு இராணுவ முகாம்களில் நடந்த பயிற்சியின் தொடர்ச்சி அது. ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. கட்டளைக்குக் கீழ்ப்படிவதையும் கட்டளையிடுவதையும் ஓர் அதிபர் கற்கலாம். ஆனால் வகுப்பறையில் கேள்வி கேட்கும் பிள்ளையை வளர்க்க அது உதவாது. முப்பதாண்டுப் போரைக் கண்ட நாட்டில், தமிழ்ப் பெற்றோர் சீருடையணிந்த அதிபரை எப்படிப் பார்ப்பார்கள் என்ற கேள்வி அன்று போதிய அளவு எழவில்லை.

சிறுவர் சேவையின் வரலாறு பாடசாலையின் வரலாற்றைவிடக் குறைவாகவே பேசப்படுகிறது. 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டமும் 1944ஆம் ஆண்டின் நன்னடத்தைக் கட்டளைச் சட்டமும் அதன் அடித்தளம். இன்று நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களம் மத்தியிலும், நன்னடத்தை ஆணையாளர்கள் மாகாணங்களிலும் இயங்குகின்றனர். இலங்கை 1991ல் சிறுவர் உரிமைச் சமவாயத்தை ஏற்று, 1992ல் சிறுவர் பட்டயத்தை வெளியிட்டது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையைத் தோற்றுவித்தது; 1929 என்ற அதன் தொலைபேசி இலக்கம் பிள்ளைகளுக்கே தெரியும். இத்துறைக்கான பயிற்சி பெரும்பாலும் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் வழியாக நடக்கிறது. 1952ல் சமூகப் பணி நிறுவனமாகத் தொடங்கி, 1992ஆம் ஆண்டின் சட்டத்தால் இன்றைய வடிவம் பெற்ற இந்நிறுவகம், சீதுவையில் சமூகப் பணிப் பட்டக் கற்கையை நடத்துகிறது. ஆனால் சமூகப் பணியில் பட்டம் பெறாத பட்டதாரிகளும் இச்சேவைகளுக்குள் பெருந்தொகையாக உள்வாங்கப்பட்டார்கள். துன்புறுத்தப்பட்ட பிள்ளையோடு எப்படிப் பேசுவது என்பதை அவர்கள் வேலையில்தான் கற்றார்கள்.

சிறுவர் இல்லங்களை நடத்துவோரின் நிலை இன்னும் கடினம். இல்லங்களில் மிகப் பெரும்பாலானவை சமய அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் நடத்துபவை. பொறுப்பாளர் ஒருவர் முப்பது, நாற்பது பிள்ளைகளின் தாயாகவும் கணக்காளராகவும் ஆலோசகராகவும் இருக்கிறார். 2019ஆம் ஆண்டின் மாற்றுப் பராமரிப்புக் கொள்கை, பிள்ளையைக் குடும்பத்தோடு சேர்ப்பதையே முதற் குறிக்கோளாக்கியது. அது இல்லப் பொறுப்பாளரின் வேலையையே மாற்றுகிறது. பிள்ளையை நன்றாக வைத்திருப்பதோடு நில்லாமல், அவரைத் திரும்ப அனுப்பக்கூடிய குடும்பத்தைக் கட்டியெழுப்பவும் அவர் கற்க வேண்டும். முன்பள்ளிகளோ பெரும்பாலும் தனியார் கையிலும் கோவில், தேவாலயம், பள்ளிவாசல் சங்கங்களின் கையிலும் உள்ளன. ஆசிரியைக்கு டிப்ளோமா உண்டு. முன்பள்ளியை நடத்துபவருக்குத் தலைமைப் பயிற்சி ஏறத்தாழ இல்லை.

இரு துறைகளும் சந்திக்கும் இடத்தில் ஒரு பிள்ளை நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். கிருலப்பனைப் பக்கத்து எட்டாம் வகுப்பு மாணவி மூன்று வாரமாகப் பாடசாலைக்கு வரவில்லை. 2016லிருந்து கட்டாயக் கல்வி வயது 5 முதல் 16 வரை. வரவுப் பதிவேட்டைக் கண்டு அதிபர் செயற்பட வேண்டும். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். மாகாணத்தின் நன்னடத்தை உத்தியோகத்தர் இருக்கிறார். அதிகார சபையின் சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தர் இருக்கிறார். பொலிஸ் நிலையத்தில் சிறுவர், மகளிர் பணியகம் இருக்கிறது. கிராம உத்தியோகத்தரும் குடும்பநல உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். எல்லைகளோ பொருந்துவதில்லை. கொழும்பு மாநகரம் கொழும்பு, திம்பிரிகஸ்யாய என்று இரண்டு பிரதேச செயலகப் பிரிவுகளாகவும், கொழும்புக் கல்வி வலயம் நாலு கோட்டங்களாகவும் பிரிந்திருக்கிறது. யாரை முதலில் அழைப்பது, எதைச் சொல்வது, பிள்ளையின் இரகசியத்தை எவ்வளவு காப்பது என்பதை அதிபருக்கு எந்தப் பயிற்சியும் தெளிவாகக் கற்பிக்கவில்லை. அந்த உத்தியோகத்தர்களுக்கும் பாடசாலை எப்படி இயங்குகிறது என்று கற்பிக்கப்படவில்லை. பலவேளை இவர்கள் ஒருவரையொருவர் முதன்முதலில் காண்பது நீதிமன்ற வளவில்.

உடல்ரீதியான தண்டனை இந்த இடைவெளியை வெளிச்சமிட்டுக் காட்டுகிறது. கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தால் பாடசாலையில் அடிப்பதைத் தடைசெய்தது. 2016ல் மீண்டும் ஒரு சுற்றுநிருபம் வெளியிட்டது. 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம், ஆசிரியர் அறைந்ததால் செவி பாதிக்கப்பட்ட மாணவனின் அடிப்படை உரிமை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. ஒரே விடயத்துக்கு இரண்டு சுற்றுநிருபமும் ஒரு தீர்ப்பும் தேவைப்பட்டதற்குக் காரணம், பிரம்பை எடுக்காமல் ஐம்பது பேர் வகுப்பை நடத்தும் வழியை ஆசிரியருக்குக் காட்டக்கூடிய அதிபர்கள் குறைவாக இருப்பதே. தடை எழுத ஒரு நாள் போதும். மாற்று வழி காட்டும் தலைமையை உருவாக்க ஆண்டுகள் வேண்டும்.

இரு துறைகளையும் ஒரே கூரையின்கீழ் பயிற்றுவிக்க முயன்ற நாடு இங்கிலாந்து. 2000 பெப்ரவரியில் இலண்டனில் எட்டு வயதுச் சிறுமி விக்டோரியா கிளிம்பியே, பராமரிப்பாளரின் கொடுமையால் இறந்தாள். அவளைச் சமூக சேவையினரும் பொலிசாரும் மருத்துவமனைகளும் தனித்தனியே கண்டிருந்தனர். அவளுக்குப் பாடசாலையே கிடைத்திருக்கவில்லை. லோர்ட் லாமிங் 2003ல் அளித்த விசாரணை அறிக்கை, தலையிட்டுக் காத்திருக்கக்கூடிய 12 தருணங்களைச் சுட்டியது. அதன் விளைவான 2004ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம், கல்வியையும் சிறுவர் சமூக சேவையையும் ஒரே பணிப்பாளரின் பொறுப்பில் வைத்தது. 2000ல் நொட்டிங்ஹாமில் தொடங்கிய பாடசாலைத் தலைமைக்கான தேசிய கல்லூரி, 2009ல் பாடசாலைகளுக்கும் சிறுவர் சேவைகளுக்குமான கல்லூரியாக விரிந்தது. அதே ஆண்டு, முதன்முறை தலைமையாசிரியராகும் எவருக்கும் தேசிய தகுதிச் சான்று கட்டாயமானது. ஆட்சி மாறியது, 2012ல் அக்கட்டாயம் நீங்கியது, 2013ல் கல்லூரி வேறோர் அமைப்போடு இணைந்தது, 2018ல் அதுவும் கல்வித் திணைக்களத்துக்குள் மறைந்தது. ஒரு தேசியக் கல்லூரி எவ்வளவு விரைவில் எழலாம், எவ்வளவு விரைவில் கரையலாம் என்பதைக் காட்ட இரண்டு தசாப்தங்கள் போதுமாயிருந்தன.

சிங்கப்பூரின் வழி அமைதியானது. அங்கு 2001லிருந்து, அதிபராகத் தெரிவாகக்கூடியவர் ஆறு மாதம் முழுநேரமாகத் தேசிய கல்வி நிறுவகத்தில் படிக்கிறார். சம்பளம் தொடர்கிறது. ஒரு பாடசாலையில் இணைந்து புதிய முயற்சி ஒன்றை வடிவமைக்கிறார். பதவி பின்னரே வருகிறது. மலேசியா, 1979ல் தொடங்கிய அமினுடின் பாக்கி நிறுவனத்தின் தகுதிச் சான்றை 2014லிருந்து அதிபர்களுக்குக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 2012ல் புதுடில்லியில் பாடசாலைத் தலைமைக்கான தேசிய மையம் தோன்றியது. இவை எதையும் அப்படியே பெயர்த்து நட முடியாது. சிங்கப்பூரில் பாடசாலைகள் சில நூறு. இலங்கையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடசாலைகளில் 50 பிள்ளைகள்கூட இல்லை. ஆனால் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஒரு வரிசை தெரிகிறது: கற்பது முன்னும் நாற்காலி பின்னும். இலங்கையில் பரீட்சையும் நியமனமும் முன். ஆழமான கற்றல் பின், அதுவும் அவரவர் முயற்சியால்.

இந்த வரிசையை மாற்றுவதற்குப் புதிய கட்டிடம் தேவையில்லை. மூன்றாம் தரப் பரீட்சையில் சித்தியடைந்தவரை நேரே நாற்காலியில் அமர்த்தாமல், ஒரு பாடசாலைத் தவணை அனுபவமுள்ள அதிபரின் அருகில் உதவி அதிபராக அமர்த்தலாம். கொழும்பில் தெரிவானவர் ஒரு பகுதியைத் தோட்டப் பாடசாலையிலும், மலையகத்தில் தெரிவானவர் ஒரு பகுதியை நகரத்திலும் கழிக்கலாம். ஓய்வு பெற்ற அதிபர்களை வழிகாட்டிகளாக்குவது செலவு குறைந்த வழி. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மட்டுமே அப்படிப்பட்டவர்கள் எத்தனையோ பேர் பொதுப்பணியில் இருக்கிறார்கள். கொத்தணி முறையின் வழிகாட்டும் பக்கத்தை மாத்திரம் மீட்டெடுத்தால், சிறு பாடசாலை அதிபரின் தனிமை குறையும். மீபேயிலும் சீதுவையிலும் படிப்போர் ஆண்டில் ஒரு வாரமாவது ஒன்றாக அமர்ந்து, ஒரே பிள்ளையின் கோப்பை வைத்து ஆராயும் கூட்டுப் பாடம் ஒன்று அமையலாம்.

திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்தின் உத்தியோகத்தர்களும் கொழும்புத் தெற்குக் கோட்டத்தின் அதிபர்களும் தவணைக்கு ஒருமுறை கூடுவதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டியதில்லை. ஒரு மண்டபமும், இரு மொழிகளிலும் எழுதிய அழைப்பும், மூன்று வாரம் வராத பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலும் இருந்தால் அந்தக் கூட்டத்தைத் தொடங்கிவிடலாம்.